களைப்பா, சோம்பலா? நம் இரத்தத்தையும் இரும்புச்சத்தையும் பற்றி அறிவோம்



இந்த இதழில் நம் உடம்பில் ஓடுகிற இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். "இது விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறதுதானே" என்று மாணவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். "இது படிச்சவங்க விஷயம்" என்று பெரியவர்களும் ஒதுக்கிவிட வேண்டாம். நம் லயங்களில் தினமும் நடக்கிற ஒரு காரியம் இது. முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் கடமை செய்த தோட்டத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்தினோம். அதில் ஒரு பெண் பிள்ளை கணக்கில் நல்ல கெட்டிக்காரி. ஆனால் வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகாது, மேசையில் தலையைச் சாய்த்துவிடுவாள். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ராத்திரி பூரா டீவி பாக்கிறியா? இப்படித் தூங்கினா எப்படிப் பாஸ் பண்ணுவ?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை வகுப்புக்கே வரவில்லை.

வீட்டுக்குப் போய் விசாரித்தேன். இஸ்தோப்பில் அம்மா உட்கார்ந்திருந்தார். "சரியான சோம்பேறிப் புள்ளைங்கய்யா. பீலியில ஒரு குடம் தண்ணி புடிச்சு வர்றதுக்குள்ள நாலு எடத்துல ஒக்காருறா" என்று அவரும் குறைப்பட்டார். அந்த நேரம் பார்த்து லயம் பக்கம் வந்த மிட்வைப் அம்மா, பிள்ளையைக் கூப்பிட்டுக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "ஐயா, இது சோம்பல் இல்லை, இரத்தம் இல்லை" என்றார். பிறகு தாயின் கண்ணையும் பார்த்தார். அதுவும் அப்படியே. இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதித்தபோது மகளுக்கு 7.8, அம்மாவுக்கு 9.2 என்று வந்தது.

அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வருத்தக்காரப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேனே என்று மனம் கஷ்டப்பட்டது. அந்த 7.8 என்றால் என்ன, அது ஏன் குறைகிறது, அதைக் கூட்ட என்ன வழி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரத்தம் செய்கிற வேலை என்ன?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் மஞ்சள் நிறத் தண்ணீர் போன்ற பகுதி. அதில் மிதப்பவை செங்குழியங்கள், வெண்குழியங்கள், சிறுதட்டுக்கள் என்று மூன்று வகை. வெண்குழியங்கள் நோய்க் கிருமிகளோடு சண்டை பிடிக்கும். சிறுதட்டுக்கள் காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும். செங்குழியங்கள் நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனை நுரையீரலில் ஏற்றி, தலை முதல் கால் வரை கொண்டுபோய்க் கொடுக்கும்.

இதை நம் தொழிலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஒட்சிசன்தான் கொழுந்து என்று வையுங்கள். செங்குழியம்தான் கொழுந்து எடுக்கிற ஆள். அந்த ஆளின் முதுகில் இருக்கிற கூடைதான் ஈமோகுளோபின். மலையில் கொழுந்து நிறைய இருக்கிறது, ஆளும் இருக்கிறது, ஆனால் கூடை இல்லை என்றால் என்ன நடக்கும்? கொழுந்து வந்து சேராது, பெக்டரி ஓடாது. அதே மாதிரி, வெளியே காற்று எவ்வளவு இருந்தாலும் ஈமோகுளோபின் குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் போதிய ஒட்சிசன் போய்ச் சேராது.

இந்தக் கூடையைப் பின்னுவதற்குக் கட்டாயம் வேண்டிய பொருள் இரும்பு. ஆம், ஆணியிலும் கவ்வாத்துக் கத்தியிலும் இருக்கிற அதே இரும்புதான். நம் உடம்பு முழுவதிலும் இருப்பது 3 முதல் 4 கிராம் வரைதான். அதாவது ஒரு சிறிய ஆணியின் பாரம். அதில் பெரும் பங்கு இரத்தத்தில்தான் இருக்கிறது. இரத்தம் சிவப்பாக இருப்பதற்கும் இந்த இரும்பு கலந்த ஈமோகுளோபின்தான் காரணம்.

மாணவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்குழியங்கள் எலும்பு மச்சையில் உண்டாகின்றன. ஒரு செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள். வயது போன குழியங்களை மண்ணீரலும் ஈரலும் உடைத்து, அதிலிருக்கும் இரும்பைப் பத்திரமாக எடுத்துப் புதுக் குழியம் செய்யக் கொடுத்துவிடும். பழைய கூடையைப் பிரித்துப் புதுக் கூடை பின்னுவது மாதிரி. இரும்பு விஷயத்தில் நம் உடம்பு அவ்வளவு சிக்கனம்! அப்படியிருந்தும் ஏன் குறைகிறது?

இரும்பு எந்த வழியாகப் போகிறது?

தோல், குடல் முதலியவற்றிலிருந்து உதிரும் கலங்களோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு போகிறது. இதைச் சாப்பாடு ஈடு செய்துவிடும்.

பெண்களுக்கு மாதவிடாயில் இன்னும் கொஞ்சம் போகிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒரு மாதத்தில் 40 மில்லிலீற்றர் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விட்டது என்று கணக்கு. அதிகமாகப் படுகிறவர்களுக்கு இன்னும் கூட. வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் இந்தச் செலவு, இன்னொரு பக்கம் உடம்பு வளர்கிற செலவு. அதனால்தான் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளிடம் இந்தக் குறை அதிகம் தென்படுகிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்குச் செலவு இன்னும் பெரிது. தன் இரத்தம் கூட வேண்டும், பிள்ளைக்கும் இரத்தம் வேண்டும், நச்சுக்கொடிக்கும் வேண்டும், பிரசவத்தில் போவதற்கும் வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு கர்ப்பத்துக்கு மேலதிகமாக 1 கிராம் அளவு இரும்பு தேவை. வெறும் சாப்பாட்டால் இதை நிரப்புவது மிகவும் கஷ்டம். அதனால்தான் கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள்.

அடுத்த வழி நம் கண்ணுக்குத் தெரியாத கள்ளன், கொக்கிப்புழு. மலையில் அட்டை கடித்தால் இரத்தம் வடிவதைப் பார்க்கிறோம், சுண்ணாம்போ உப்போ போட்டு எடுத்து எறிகிறோம். வயிற்றுக்குள் இருக்கிற இந்த அட்டையை யாரும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான இந்தப் புழு சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகையில் 100 புழு இருந்தால் நாளைக்குச் சுமார் 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் இரத்தம் போகும்.

அது வாய் வழியாக மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். புழு உள்ளவரின் மலம் மண்ணில் விழுந்தால், ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் முட்டை பொரித்துக் குடம்பி வரும். வெறுங்காலோடு மிதிப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கிருந்து இரத்தத்தோடு நுரையீரலுக்கு, பிறகு தொண்டைக்கு, அங்கிருந்து விழுங்கப்பட்டுக் குடலுக்கு. இலங்கையில் 1916ஆம் ஆண்டிலேயே ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது என்றால், நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இந்தப் புழு நம்மோடு இருந்திருக்கிறது என்று பாருங்கள். அன்று சொன்ன வழிதான் இன்றைக்கும் வழி: மலசலகூடம் பாவிப்பது, காலில் செருப்போ சப்பாத்தோ போடுவது, பூச்சி மருந்து குடிப்பது.

நாம் பறிக்கிற தேயிலையும் ஒரு காரணமா?

இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நம்மை வாழ வைப்பது தேயிலை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு கிளாஸில் சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி ஊற்றி, துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். விடியப் பார்த்தால் தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்திருக்கும். (அதைக் குடித்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பார்த்ததும் ஊற்றிவிடுங்கள்.) தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொண்டதால் வந்த கறுப்பு அது. கீரை, பருப்பு, கடலை சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் வயிற்றுக்குள்ளும் இந்தச் சத்து இரும்பைக் கட்டிப்போடும். கட்டிப்போட்ட இரும்பை உடம்பால் உறிஞ்ச முடியாது. மரக்கறிச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வீணாகப் போகலாம். பால் ஊற்றினாலும் இது மாறாது. கோப்பியும் இப்படித்தான்.

நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும். மலையில் தேத்தண்ணி. பகல் சோறு சாப்பிட்டுக் கை கழுவுமுன் மறுபடி தேத்தண்ணி. அந்தப் பிள்ளையின் வீட்டிலும் இதே கதைதான். முருங்கைக்கீரை சமைக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி.

அதற்காகத் தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. குளிரிலும் மழையிலும் நிற்கிற நமக்கு அது இல்லாமல் முடியுமா? நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு வெந்நீர் குடியுங்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்றம் ஏறும்போது மற்றவர்களைவிட முதலில் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றும், தலை வலிக்கும். கீழ் இமையின் உள்பக்கம், நாக்கு, நகம், உள்ளங்கை வெளிறும். சிலருக்குப் பச்சை அரிசி, மண், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு தின்ன ஆசை வரும். அடித்து ஏச வேண்டிய கெட்ட பழக்கம் என்று அதை நினைக்காதீர்கள், அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் விளையாடப் போகாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். படிக்கிற பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிற்காது.

சரியாகத் தெரிய இரத்தம் சோதிக்க வேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை கிராம் ஈமோகுளோபின் இருக்கிறது என்று எண் சொல்வார்கள். பெண்களுக்கு 12க்கும், ஆண்களுக்கு 13க்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏறத்தாழ 11க்கும் குறைந்தால் இரத்தச்சோகை. அந்தப் பிள்ளையின் 7.8 எவ்வளவு குறைவு என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா இரத்தச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தலசீமியா என்று பரம்பரையாக வருவதும் உண்டு, வேறு சத்துக் குறைவால் வருவதும் உண்டு. அவற்றுக்கு வைத்தியம் வேறு. ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரத்தம் குறைந்தால் வயிற்றுக்குள் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே கடையில் டொனிக் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காமல் டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

சாப்பாட்டில் என்ன சேர்க்கலாம்?

ஈரல், இறைச்சி, மீன், நெத்தலிக் கருவாடு இவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். தினமும் வாங்க முடியாதுதான். ஆனால் பருப்புக் கறியில் ஒரு பிடி நெத்தலி போட்டால்கூட, அது பருப்பில் உள்ள இரும்பையும் சேர்த்து உறிஞ்ச உதவி செய்யும். பயறு, கௌப்பி, கடலை, சோயா, முருங்கைக்கீரை, மற்றக் கீரை வகைகள் எல்லாம் நல்லவை.

இவற்றோடு புளிப்பான விற்றமின் சி உள்ள பொருளைச் சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். கீரையை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் ஆறிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து குறைந்துவிடும். சாப்பிட்ட பின் ஒரு கொய்யாப்பழம், ஒரு நெல்லிக்காய், ஒரு துண்டு பப்பாசி போதும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நம் வீடுகளில் முதலில் ஆம்பளைகள் சாப்பிடுவார்கள், பிறகு பையன்கள். கடைசியாக அம்மாவும் பெண் பிள்ளையும் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். மீன் துண்டு யாருக்குப் போகிறது? இரும்பு அதிகம் தேவைப்படுவது யாருக்கு? மேலே சொன்ன கணக்கைப் பார்த்து, ஐயாமார்களே, தம்பிமார்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரும்புக் குளிசையைப் பற்றி

"குளிசை போட்டா புள்ளை பெரிசாகிப் பிரசவம் கஷ்டமாகும்" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். இது சரியல்ல. குளிசை பிள்ளையைப் பிரமாண்டமாக்காது, தாய்க்கு இரத்தத்தைக் கூட்டும். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிள்ளை குறை மாதத்தில் பிறக்கலாம், நிறை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் இரத்தம் கூடப் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. கூரை முகட்டில் செருகி வைத்த குளிசை யாரையும் காப்பாற்றாது.

குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டல், வயிற்று நோ, மலச்சிக்கல் வரலாம். அப்படி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார். தேத்தண்ணியோடும் பாலோடும் குளிசை போட வேண்டாம். கல்சியம் குளிசையும் இரும்புக் குளிசையும் ஒரே நேரத்தில் வேண்டாம். உடம்பு தெம்பாகிவிட்டது என்று இரண்டு கிழமையில் நிறுத்தவும் கூடாது. இரத்தம் சரியான பிறகும், கையிருப்பு நிரம்புவதற்குச் சில மாதம் தொடர வேண்டும். டாக்டர் சொல்லும் வரை போடுங்கள்.

மிக முக்கியமானது: குளிசையைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்துப் பல குளிசைகளை விழுங்கிவிட்டால் அது நஞ்சு, உயிரே போகலாம். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள். தாயும் மகளும் சாப்பாட்டு நேரத் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் பீலியிலிருந்து குடத்தோடு நிற்காமல் வந்ததாகத் தாய் சொன்னார். நாலு மாதம் கழித்துச் சோதித்தபோது மகளுக்கு 12.1. பரீட்சையும் எழுதினாள். கணக்குக்கு 'பி' கிடைத்தது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லங்க சேர்" என்று சிரித்தாள். தாய்தான், "நானும் இத்தனை வருஷமா வயசாகிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்கய்யா" என்றார். அவருக்கு அப்போது வயது 38.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

1. நீண்ட நாள் களைப்பைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். இமையைப் பாருங்கள், இரத்தம் சோதியுங்கள்.
2. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள்.
3. கீரை, பருப்போடு தேசிக்காய், கொய்யா, நெல்லி சேருங்கள்.
4. மலசலகூடம் பாவியுங்கள், காலில் செருப்புப் போடுங்கள், பூச்சி மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.
5. கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் தருகிற குளிசையை ஒழுங்காகப் போடுங்கள்.
6. வீட்டில் இருக்கும் தாய்க்கும் பெண் பிள்ளைக்கும் சாப்பாட்டில் சம பங்கு கொடுங்கள்.

வாசிக்கத் தெரியாத அம்மா, ஆயா வீட்டில் இருந்தால், மாணவச் செல்வங்களே, இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடிந்ததும் அவர்களுடைய கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் நாளைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.